எங்கள் நகருக்குள் வராத மினி பஸ்

எங்கள் நகர்க்காரர்களுக்கு வளர்ச்சி என்றால் உயிர். அது அடுத்த தெருவில் நடக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர்களுடைய நிபந்தனை.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், ஓ.டி. என்கிற பழைய டவுனைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்து, மேற்கே திரும்பி ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே வந்தால் எங்கள் நகர். இருபது வருஷத்துக்கு முன்னால் இது நஞ்சை. மனை போட்டவர் முகப்பில் கட்டிய வளைவில் ‘கடலூரின் இதயப் பகுதி’ என்று எழுதி வைத்தார். இதயம் உடம்பை விட்டு இத்தனை தூரம் தள்ளியிருந்தால் ஆள் பிழைப்பானா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்காமல்தான் மனை வாங்கினேன். கிழக்கிலிருந்து காற்று அடித்தால் கெமிக்கல் கம்பெனி நாற்றம் மூக்கைத் துளைக்கும். அப்போதும் எங்கள் சங்கத் தலைவர், வீடு பார்க்க வருகிறவர்களிடம், “காத்து மட்டும் இங்க சுத்தம் சார், டவுன்ல இந்தக் காத்து கெடைக்குமா?” என்று கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்பார்.

நான் கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். செயலாளர் என்றால் வேறொன்றும் இல்லை, மனு எழுதுகிறவன். என் அலமாரியில் சங்கத்தின் கோப்புகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று வேண்டும் என்று எழுதியவை, இன்னொன்று வேண்டாம் என்று எழுதியவை. இரண்டும் ஒரே கனம். தெருவிளக்கு வேண்டும், கம்பம் என் வாசலில் வேண்டாம். சாக்கடை வேண்டும், பள்ளம் எதிர்ப்பக்கம் தோண்டட்டும். செல்போனில் சிக்னல் வேண்டும், டவர் கூடாது. மனை விலை ஏற வேண்டும், ஆனால் மூன்று மாடி கட்டி வாடகைக்கு விடக் கூடாது, வருகிறவன் எப்படிப்பட்டவனோ. வளைவுக்குப் பக்கத்தில் ஒருவர் டீக்கடை போட வந்தபோது, பொது அமைதிக்குக் குந்தகம் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அவர் போய்விட்டார். இப்போது தலைவர் தினமும் சாயங்காலம் ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு வருகிறார்.

முதலில் குடிவந்தவர்களுக்குத் தங்களுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் வெளியாள். அந்த வெளியாளும் கிரகப்பிரவேசம் முடிந்த மறுநாளே, இனிமேல் யாரையும் விடக் கூடாது என்று பேச ஆரம்பித்துவிடுவார். ரயிலில் ஏறிய கையோடு கதவைச் சாத்துகிற புத்தி. இந்தப் புத்தியோடு பல வருஷம் குடித்தனம் செய்தவன் என்பதால் சொல்கிறேன், இவர்களை எனக்குப் பிடிக்காது. மரியாதையும் கிடையாது.

ரேம்ப் விஷயத்தைச் சொன்னால் மற்றவர்களுக்கும் விளங்கும். ஒரு மழைக்காலத்தில் நகரில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதிலிருந்து எல்லாரும் வீட்டை உயர்த்திக் கட்ட ஆரம்பித்தார்கள். வீடு மூன்றடி, நாலடி மேலே போய்விட்டால் வண்டி ஏற வாசலில் சிமென்ட் சரிவு வேண்டும். அதைத் தன் மனைக்குள் போட்டால் ஒரு அறை குறையும். ஆகவே தெருவில் போட்டார்கள். மேஸ்திரி, “ரேம்ப் எத்தினி அடி சார் போடறது?” என்று கேட்பார். எந்த வீட்டிலும் அடிக்கணக்கு சொல்ல மாட்டார்கள். “எதுத்த வூட்டுக்காரர் எவ்ளோ போட்டிருக்காரோ அதவிட ஓரடி ஜாஸ்தி போடு” என்பதுதான் எங்கள் நகரின் வழக்கம். எதிர்வீட்டுக்காரர் அடுத்த வருஷம் வெள்ளையடிக்கும்போது தன்னுடையதை இன்னும் ஓரடி நீட்டுவார். ரேம்புக்குப் பக்கத்தில் மிச்சமிருக்கும் மண்ணில் கம்பிவலை அடித்து குரோட்டன்ஸ் வைப்பார்கள். வரைபடத்தில் முப்பதடி அகலமாக இருக்கும் எங்கள் முதல் தெருவில் இன்று இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். போகாது. இருவரும் இறங்கி அவரவர் உத்தியோகத்தைச் சொல்லிக்கொள்வார்கள்.

அந்தத் தெருவிலேயே நீளமான ரேம்ப் என்னுடையது. தெரு திரும்புகிற முனையில் என் வீடு. பெங்களூரில் இருக்கும் மகன் வருஷத்துக்கு இரண்டு முறை காரில் வருவான், அந்தக் காருக்காகப் போட்டது. கோடு கோடாக இழுத்து, சிவப்பு ஆக்சைடு பூசி, பார்க்க நன்றாகவே இருக்கும்.

கடைசித் தெருவில் ஒரு குடும்பம் இருக்கிறது. அவருக்குச் சொந்த ஊர் கிள்ளை, மனைவிக்கு மேல்பட்டாம்பாக்கம். குவைத்தில் பல வருஷம் வண்டி ஓட்டிச் சம்பாதித்து இங்கே வீடு கட்டினார்கள். நகர் முழுக்க அவரை பாய் என்றுதான் கூப்பிடும். வந்த புதிதில் வீட்டுவரி ரசீதில் ஏதோ பிழை என்று அந்த அம்மா என்னிடம் வந்தார். நான் சரிசெய்து கொடுத்தேன். அன்றிலிருந்து என்னை அண்ணே என்பார். அதனால் பாய்க்கு நான் மச்சான் ஆகிவிட்டேன். நோன்புக்கு நோன்பு ஒரு தூக்கு கஞ்சி என் வீட்டுக்கு வந்துவிடும்.

பாய்க்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் சிதம்பரத்தில் டயாலிசிஸ். காலை முதல் ஷிப்டில் இடம் கிடைத்திருந்தது, விடிவதற்குள் கிளம்பினால்தான் போய்ச் சேர முடியும். அந்த அம்மா ஐம்பது வயதுக்கு மேல் ஸ்கூட்டர் பழகி அவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மெயின் ரோடு வரை போய் வந்தார். ஒருநாள் திரும்பி வரும்போது பாய் மயங்கிச் சரிந்து விழுந்தார். முகமெல்லாம் சிராய்ப்பு. அதற்குப் பிறகு ஸ்கூட்டரில் ஏற பயம். ஆட்டோக்காரர்கள் நகர் வளைவோடு நின்றுவிடுவார்கள். உள்ளே வந்து ரேம்பில் ஒரு சக்கரம் ஏறி வண்டி கவிழப் பார்த்த கதையைச் சொல்வார்கள். சில நாள் வளைவுக்கும் வர மாட்டார்கள்.

மினி பஸ் கேட்கலாம் என்ற யோசனை பாயுடையதுதான். “மச்சான், ஓ.டி.யிலேருந்து நம்ம நகர் வழியா ஒரு வண்டி விட்டா போதும். வூட்டு வாசல்ல ஏறிக்குவேன். இன்ஷா அல்லாஹ், உங்க கையெழுத்துல மனு போனா நடக்கும்” என்றார். எழுதினேன். முதல் கையெழுத்து அவருடையது. சங்கமும் ஆர்வமாகக் கையெழுத்துப் போட்டது, பஸ் ரூட்டில் இருக்கும் மனைக்கு விலை ஜாஸ்தி என்று தலைவர் எல்லாருக்கும் விளக்கியிருந்தார். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு நாலைந்து தடவை அலைந்தேன். ஒருவழியாக அனுமதி வந்தது. காலை ஆறு மணிக்குள் முதல் நடை. தலைவர் வளைவில் பேனர் கட்டினார். அதில் அவர் படம் பஸ்ஸைவிடப் பெரியதாக இருந்தது.

சோதனை ஓட்டம் நடந்த அன்று காலை தெருவே கூடியிருந்தது. பஸ்ஸுக்கு மாலை, பூசணிக்காய், கற்பூரம். பாய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு. தலைவர் பூசணிக்காயை உடைத்துவிட்டு, “வரலாம், வரலாம்” என்று கை காட்டினார். பஸ் நாலு வீடு வரை வந்தது. அதற்கப்புறம் இடதுபக்கம் தலைவருடைய குரோட்டன்ஸ் கம்பி, வலதுபக்கம் எதிர்வீட்டு ரேம்ப். டிரைவர் முன்னால் எடுத்தார், பின்னால் எடுத்தார், கடைசியில் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

பஸ் முதலாளி தெருவைப் பார்த்து, “ரோடு எங்க சார்? எல்லாம் வாசப்படியாதான இருக்குது” என்றார். பஸ் கேட்டு மனுக் கொடுத்த எங்களில் ஒருவருக்குக்கூட அந்தக் கேள்வி அதுவரை தோன்றியதே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. தெருவை நாங்கள் தின்றுவிட்டோம் என்பது எங்களுக்கே மறந்துபோயிருந்தது.

கூட வந்திருந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் அதிகாரி டேப் வைத்து அளந்தார். முனையில் என் வீடு வரை எட்டு வீடுகள். இந்த எட்டு வீட்டு ரேம்பையும் கம்பியையும் மூன்றடி உள்ளே தள்ளினால் வண்டி திரும்பிவிடும், பதினைந்து நாளில் செய்துகொடுங்கள், இல்லையென்றால் வண்டி வேறு ரூட்டுக்குப் போய்விடும் என்று பொறுமையாகச் சொன்னார். மொத்தமும் இடிக்கச் சொல்லவில்லை. மூன்றடி. பஸ் ரிவர்ஸிலேயே போய் வளைவைத் தாண்டியது, மாலையோடு.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது என் மனைவி, “நம்மளுதுதான் பெருசு. நாமளே மொதல்ல ஒடச்சிட்டா மத்தவங்களும் ஒடச்சிடுவாங்க இல்ல?” என்றாள்.

“எதையும் சங்கம் முடிவு பண்ணணும். செயலாளரா இருந்துக்கிட்டு நான் தனியா எதுவும் செய்யக் கூடாது” என்றேன். முப்பத்தாறு வருஷம் அலுவலகத்தில் இருந்தவனுக்கு இப்படி ஒரு பதில் எப்போதும் நாக்கு நுனியில் இருக்கும். அவள் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளையார் கோயில் ஷெட்டில் கூட்டம். மறுநாள் காலை டயாலிசிஸ் என்பதால் பாய் வரவில்லை, அந்த அம்மா வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கூட்டத்தில் பேசியவற்றை இன்றைக்கு நினைத்தாலும் குமட்டுகிறது. ஒருவர், பஸ் வந்தால் தூசி வரும் என்றார். ஒருவர், கண்டவனும் ஏறி வந்து நோட்டம் பார்ப்பான் என்றார். பஸ் விட்டால் டீக்கடை வரும், டீக்கடை வந்தால் கும்பல் வரும் என்று ஒருவர் வரிசையாக அடுக்கினார். நம் எல்லார் வீட்டிலும் வண்டி இருக்கிறதே, பஸ் யாருக்கு என்று ஒருவர் கேட்டார். நேற்றுவரை ரூட்டு ரூட்டு என்று குதித்த தலைவர் எழுந்து தொண்டையைச் செருமினார். “நாம வளர்ச்சிக்கு எதிரி கெடையாது. வளர்ச்சி வரட்டும். ஆனா அது நம்ம தெருவோட அமைப்ப கெடுக்காம வரணும்” என்றார். கைதட்டினார்கள். தெருவின் அமைப்பு என்று அவர் சொன்னது தன்னுடைய குரோட்டன்ஸை.

ரேம்ப் என்ற வார்த்தையை ஒருவரும் உச்சரிக்கவில்லை. நான் நோட்டில் குறிப்பெடுத்துக்கொண்டே உள்ளுக்குள் சிரித்தேன். எத்தனை அற்ப ஜென்மங்கள் என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, நான் வாய் திறக்க வேண்டியதில்லை என்ற சௌகரியமும் கூடிக்கொண்டே வந்தது. எனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்ததை அவர்கள் சத்தமாகச் சொன்னார்கள்.

அந்த அம்மா எழுந்தார். “மூணடிதான கேக்கறாங்க. அவரால நடக்க முடியல. நீங்கல்லாம் பாக்கறீங்கதான? உடைக்கிற கூலிய வேணா நாங்க குடுத்துடறோம்” என்றார்.

தலைவர் மிகவும் அன்பாக, “உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியாதாம்மா? பாய் நம்ம ஆளு. என்னா உதவி வேணும்னாலும் கேளுங்க, ராத்திரி பகல் பாக்காம வர்றோம். பஸ் மட்டும் வேணாம்” என்றார். பஸ் வேண்டாம் என்று மனுக் கொடுக்கலாமா என்று கேட்டு, ஆதரிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார். தூக்கினார்கள். நானும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தூக்கினேன். எதிர்ப்பவர்கள் என்றபோது கடைசி வரிசையில் ஒரு கை மட்டும் எழுந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே கையை வைத்திருந்தார்.

மறுநாள் மனுவை எழுதினேன். எங்கள் பகுதி மக்களின் பாதுகாப்பையும் அமைதியையும் கருதி, சங்க உறுப்பினர்கள் கூடி ஒருமனதாகத் தீர்மானித்தபடி, மேற்படி பேருந்துத் தடம் எங்களுக்குத் தேவையில்லை. நல்ல நடை, அடித்தல் திருத்தல் கிடையாது. எல்லா வீட்டுக் கையெழுத்தும் இருந்தால்தான் மனுவுக்குப் பலம் என்று தலைவர் சொன்னார். பஸ் கேட்டு முதல் கையெழுத்துப் போட்டவரே வேண்டாம் என்றும் போட்டுவிட்டால் அப்புறம் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றார். நீங்கள் போனால் போடுவார் என்றும் சொன்னார். அவருக்கு அந்த அளவு மூளை இருக்கிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாய் வீட்டுக்குப் போனேன். முந்தின நாள் ஊசி குத்திய இடது கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார். “வாங்க மச்சான்” என்று எழப் பார்த்தார். நான் காகிதத்தை நீட்டினேன். அந்த அம்மா அதை வாங்கி நின்றபடியே முழுவதும் படித்தார்.

“அண்ணே, ஒருமனதாகன்னு போட்டிருக்கீங்களே” என்றார். “நான் கை தூக்குனேனே. நீங்க பாத்தீங்க.”

“அது ஆபீஸ்ல வழக்கமா எழுதறதும்மா” என்றேன். “தீர்மானம்னா அப்படித்தான் எழுதுவோம்.”

பாய் வலது கையை நீட்டி மனைவியிடமிருந்து காகிதத்தை வாங்கினார். என் சட்டைப்பையைக் காட்டிப் பேனா கேட்டார்.

“இஷ்டமில்லன்னா போட வேணாம் பாய்” என்றேன். ஆனால் சொல்லும்போதே பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

“போடாம இருந்தா நாங்க மட்டும் தனியா தெரிவோம் மச்சான்” என்றார். “நாளைக்கு நான் எங்கனா விழுந்து கெடந்தா இவ ஒருத்தியால தூக்க முடியாது. இவங்களத்தான் கூப்புடணும். இவங்கள பகைச்சிக்கிட்டு நான் எங்க போறது?” தொடையில் காகிதத்தை வைத்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த அம்மா அதற்குள் உள்ளே போய்விட்டார்.

தெருவில் நடந்து வரும்போது எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுத ஆசைதான். பொய் எழுத வேண்டாம். நிம்மதியாக இருந்தது. எல்லா வீடும் முடிந்தது, திங்கட்கிழமை கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இந்த நகரில் ஒருவனையும் மனிதனாக மதிக்காமல் இத்தனை வருஷம் மிதப்பாகத் திரிந்தவன் நான். அவர்களாவது கூட்டத்தில் வாய்விட்டு வேண்டாம் என்றார்கள். நான் ஒருவனிடம் போய், அவன் கையாலேயே வேண்டாம் என்று எழுதி வாங்கி வந்தேன்.

மனுவைக் கொடுத்தேன். பஸ் வேறு ஊர் வழியாகப் போகிறது. தலைவர் குரோட்டன்ஸுக்குப் புதுக் கம்பி அடித்திருக்கிறார். இப்போது செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் விடிகாலையில் பாயும் மனைவியும் வளைவு வரை நடந்து போகிறார்கள். ஒரே மூச்சில் அவரால் வர முடியாது. கடைசித் தெருவிலிருந்து என் வீட்டு முனை வரை வந்ததும் களைத்துவிடுகிறார். என் ரேம்ப் அவருக்கு வாகான உயரம். அதில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டுதான் போகிறார். நான் அதற்கு முன்பே விழித்துவிடுவேன். அவர் எழுந்து போகிற சத்தம் கேட்கும்வரை கதவைத் திறப்பதில்லை.